வயிறு கேட்காத சோறு

மகன், ஸலாம் சொல்லி, நீ சுகமாக இருக்க வேண்டுமென்று துஆ கேட்டு இதைத் தொடங்குகிறேன். பக்கத்து வீட்டு ஜெமீலா லாத்தாவின் மருமகன் லீவு முடிந்து கட்டாருக்குத் திரும்புகிறார். அவர் கையில்தான் இதைக் கொடுத்து விடுகிறேன். தினமும் போனில் கதைக்கிற உம்மாவுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனிலும் சொல்லிப் பார்த்தேன். "ரிஸ்னாவப் பத்தி ஒரு கதை இருக்கு மகன்" என்று தொடங்கினால், "அவகிட்டயே குடுங்க உம்மா, நான் கதைக்கிறன்" என்று சொல்லிவிடுகிறாய். குரலைப் பதிந்து அனுப்பலாம் என்றால், அது உன்னோடு ஒரே அறையில் கிடக்கிற எல்லோருக்கும் கேட்கும். இது அவர்கள் கேட்க வேண்டிய கதை இல்லை. நீ உன் கட்டிலில் சாய்ந்துகொண்டு, அவசரமில்லாமல் வாசிக்க வேண்டியது. ரிஸ்னாவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க மாமி, என்னால வாயால சொல்ல ஏலாது" என்றாள்.

அடுத்த மாதம் நீ வருகிறாய். இரண்டு வருடத்துக்குப் பிறகு உன் மனைவியைப் போன் கண்ணாடிக்குள் பார்க்காமல் நேரில் பார்க்கப் போகிறாய். அதற்கு முன் இந்த வீட்டில் நடந்தது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் வந்தால் வாசலில் வைத்தே ஏதாவது பகிடியாகச் சொல்லிவிடுவாய். உன் மனதில் கெட்ட எண்ணம் கிடையாது, எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஒரு பகிடியில் நாங்கள் இரண்டு பேரும் மெல்ல மெல்லக் கட்டி எழுப்பியதெல்லாம் சரிந்துவிடும்.

நீ போன பிறகு இந்த வீட்டில் மிஞ்சியது இரண்டு பெண்கள். சண்டை முடிந்து, நாங்கள் விட்டு ஓடிவந்த மன்னாருக்குப் போக வழி பிறந்ததிலிருந்து வாப்பாவின் கால் இங்கே தில்லையடியில் நிற்பதில்லை. காடேறிக் கிடந்த எங்கள் பழைய வளவைத் துப்புரவாக்கி, கிணற்றை இறைத்து, அரைச் சுவர் எழுப்பிக்கொண்டு மாதத்தில் பாதிக்கு மேல் அங்கேதான். எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. நான் இங்கே அகதியாக வந்து இறங்கியவள் என்றாலும், இத்தனை வருடத்தில் எனக்கென்று ஒரு அயல் உண்டு. தையல் மெஷின் உண்டு, போக வர கல்யாண வீடும் மையத்து வீடும் உண்டு. ரிஸ்னாவுக்கு என்ன இருந்தது? கல்பிட்டியில் பிறந்து வளர்ந்து, அங்கேயே முன்பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்த பிள்ளை. உன்னைக் கட்டியதும் அதை விட்டாள். "என்ட மனிசி உழைக்கப் போகத் தேவையில்ல" என்று நீ சொன்னபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு நீயும் போய்விட்டாய். சமைத்து, கூட்டி, தொழுது முடிந்தால் அவளுடைய பகல் முழுவதும் மிச்சமாகக் கிடந்தது. பின்னேரம் ஆனால் போனை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் கதிரையில் இருப்பாள். நீ எடுத்துக் கொஞ்ச நேரம் கதைப்பாய், வைப்பாய். அவ்வளவுதான் அவளுக்கு அந்த நாளில் நடந்தது.

முதலில் நான் கவனித்தது பாணைத்தான். வாங்கி வைத்த இறாத்தல் பாணில் காலையில் ஒரு துண்டும் இருக்காது. பிறகு பிஸ்கட், டின்பால், விருந்தாட்களுக்கு என்று எடுத்து வைத்த மஸ்கட் இனிப்பு. பூனை என்று நினைத்தேன். பூனை டின்பாலைத் திறந்து குடித்துவிட்டுப் பேணியைக் கழுவி ஒளித்து வைக்குமா? ஒருநாள் உடுப்பு அலுமாரியில் அவளுடைய முக்காடுகளை மடித்து வைக்கப் போனபோது, அடியில் மூன்று வெற்றுப் பேணிகள் ஒரு பழைய துண்டில் சுற்றிக் கிடந்தன. அப்போது என் புத்தி எங்கே போனது தெரியுமா? இவள் யாருக்கோ கொடுத்து விடுகிறாள், உம்மா வீட்டு ஆட்கள் வந்து போகும்போது கட்டிக் கொடுக்கிறாள் என்று. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாமான் அலுமாரியைப் பூட்டித் திறப்பை என் இடுப்பில் செருகிக்கொண்டேன். அவள் அதைப் பார்த்தாள். முகம் சுவரைப் போல் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு குசினியில் வெறும் சீனி குறையத் தொடங்கியது. அவிக்காத மாவு குறைந்தது. துருவி வைத்த தேங்காய்ப்பூ குறைந்தது. பூட்டுப் போட்டால் நிற்கிற காரியம் இல்லை இது என்று எனக்கு அப்போதும் விளங்கவில்லை.

ஒருநாள் பாலாவியில் ஒரு மையத்து வீட்டுக்குப் போனேன். மையத்தை எடுக்கச் சுணங்கும் என்று சொன்னதால் நினைத்ததைவிட முன்னரே பஸ் ஏறி வந்துவிட்டேன். அதற்கு முதல் நாள் ஜெமீலா லாத்தா வீட்டில் கல்யாணம். எங்களுக்கென்று ஒரு சஹன் நிறையச் சோறும் இறைச்சியும் அனுப்பியிருந்தார்கள். ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடுகிற தட்டு. நாங்கள் இரண்டு பேரும் ஒரு ஓரத்தைக்கூடத் தொட்டு முடிக்கவில்லை, மிச்சம் மூடிக் கிடந்தது. நான் பின்பக்கத்தால் குசினிக்குள் வந்தேன். கதவுக்குப் பின்னால், நிலத்தில், அந்தச் சஹனைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு ரிஸ்னா இருந்தாள். ஆறிப்போன சோறு, கொழுப்பு வெள்ளையாக உறைந்து கிடந்தது. அள்ளி அள்ளி வாய்க்குள் போட்டுக்கொண்டிருந்தாள். மென்று விழுங்கவில்லை மகன். கிணற்றைத் தூர்க்கிறவன் மண்ணைப் போடுவதுபோலப் போட்டுக்கொண்டிருந்தாள். கண்ணால் தண்ணீர் வடிந்துகொண்டேயிருந்தது, அதைத் துடைக்கவும் இல்லை. ருசிக்காகச் சாப்பிடுகிற முகம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். பசிக்குச் சாப்பிடுகிற முகமும் தெரியும், முகாமில் நான் பார்க்காத பசியா? இது இரண்டும் இல்லை.

நான் நிற்பதை அவள் கண்டபோது கை அப்படியே நின்றுவிட்டது. எனக்கு வாயில் வந்தது நல்ல வார்த்தை இல்லை. "வெக்கமில்லயா உனக்கு" என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதற்குள் அவள் சொன்னாள்: "மாமி, என்னை எங்கட வீட்டுக்கு அனுப்பிடாதீங்க."

அந்தச் சொல்தான் என் வாயை அடைத்தது. திட்டு விழும் என்று அவள் பயப்படவில்லை, இந்த வீட்டை விட்டு அனுப்பிவிடுவேன் என்று பயந்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில் நிலத்திலேயே இருந்தேன். என் முழங்கால் இருக்கிற இருப்புக்கு அப்படி இருப்பது லேசில்லை. சஹனைப் பிடுங்கவில்லை, பார்க்கவும் இல்லை.

"ஆர் உன்ன அனுப்பப் போறது? கையக் கழுவிட்டு வா மகள். தேத்தண்ணி ஊத்திறன்" என்றேன்.

"நான் களவெடுத்துத்தான் சாப்பிட்டன் மாமி. நீங்க நினைச்ச மாதிரி எங்கட வீட்டுக்கு ஒண்டும் குடுக்கல்ல."

அவளுக்கு அதுவும் தெரிந்திருந்தது. நான் வாயால் சொல்லாததை என் இடுப்புத் திறப்பு சொல்லியிருந்தது.

இஞ்சி போட்டுத் தேத்தண்ணீர் ஊற்றி, இரண்டு பேரும் குசினிப் படியில் இருந்து குடித்தோம். "பசிக்குதா உனக்கு?" என்று கேட்டேன். "பசி இல்ல மாமி. வயிறு வேணாம் வேணாம் என்டுதான் சொல்லுது, நோகுது. ஆனா சாப்பிடக்குள்ள மட்டும் தலைக்குள்ள சத்தம் நிக்கிது. முடிஞ்ச உடன திரும்ப வருது, கூடவே என்னையே எனக்கு அருவருப்பாக் கிடக்கு. நாளைக்கு ஒண்டும் சாப்பிட மாட்டன் என்டு சத்தியம் பண்ணுவன். நாளைக்கும் இதுதான்" என்றாள். என்ன சத்தம் என்று கேட்டேன். சொல்லவில்லை. நானும் தோண்டவில்லை.

அன்று நான் நெடுநேரம் உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் மகன். உனக்கு இது ஞாபகம் இருக்குமோ தெரியாது. வாப்பா சவூதிக்குப் போனபோது உனக்கு ஆறு வயது. ஓலைக் கொட்டிலில் இருந்த காலம். அவர் போன கிழமையிலிருந்து, சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய முன்னரே "உம்மா பசிக்குது" என்று வந்து நிற்பாய். ரொட்டி கொடுத்தால் தின்பாய், திரும்பவும் வருவாய். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவாய், அழுதுகொண்டே இன்னும் கேட்பாய். பூச்சி என்று மருந்து கொடுத்தேன். கண்ணூறு என்று ஓதிப் பார்த்தேன். பிறகு ஒருநாள் வாப்பா குரல் பதிந்த கசெட் ஒன்று வந்தது. பக்கத்துக் கொட்டிலில் ரேடியோ வாங்கி அதைப் போட்டேன். "வாப்பாட தங்க மகன் எப்பிடி இருக்கிறீங்க" என்று குரல் வந்ததும் நீ ஓடிப்போய் ரேடியோவில் காதை ஒட்டி வைத்துக்கொண்டு படுத்தாய். கசெட் முடிய முடியத் திருப்பிப் போட்டோம். அன்றைக்கு நீ சோறு கேட்கவே இல்லை, நான்தான் கூப்பிட்டு வாயில் தீத்தினேன். உன் பசி வயிற்றில் இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. விளங்கி என்ன, கொட்டில் சீவியத்தில் எனக்கு ஆயிரம் பாடு. மறந்தே போனேன். ரிஸ்னா நிலத்தில் இருந்த இருப்பைக் கண்டபோதுதான் அது திரும்பி வந்தது. நீ சின்னப் பிள்ளை, கேட்டாய், அழுதாய். வளர்ந்த பெண் கேட்க முடியாது, ஒளித்துத் தின்கிறாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்த கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போனேன். ஆட்களிடம் என் முழங்காலுக்கு மருந்து எடுக்கப் போவதாகச் சொன்னேன். இப்படியான மன வருத்தங்களைப் பார்க்கிற ஒரு டாக்டரிடம் அனுப்பினார்கள். சிங்களப் பிள்ளை, வயதும் ரிஸ்னாவைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்கும். தமிழ் நாலு சொல் தெரியும். எனக்குச் சிங்களம் கடைக்குப் போய்வர மட்டும்தான் உதவும். ரிஸ்னா கல்பிட்டிப் பிள்ளை, சிங்களம் நன்றாகக் கதைப்பாள். முதலில் "ஒண்டுமில்ல" என்ற மாதிரித்தான் இருந்தாள். பிறகு எங்கிருந்து வந்ததோ, மடை திறந்தது மாதிரிக் கதைக்கத் தொடங்கினாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நடுநடுவே உன் பெயர் வந்தது. ஒரு தடவை என் பெயரும் வந்தது. டாக்டர் பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். தமிழில் என்னிடம் சொல்ல முடியாததை, எனக்கு விளங்காத ஒரு பாஷையில் என் மருமகள் சொல்லி அழுதுகொண்டிருந்தாள், நான் பக்கத்துக் கதிரையில் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். அப்படி இருப்பது லேசில்லை மகன். ஆனாலும் எழுந்து வெளியே போகாமல் இருந்தேனே, அதை மட்டும் நான் சரியாகச் செய்தேன் என்று நினைக்கிறேன்.

வரும் வழியில், பஸ்ஸுக்கு நிற்கும்போது, அவளாகவே சொன்னாள். இனி எழுதுவதை உன்னைக் குற்றவாளிக் கூட்டில் ஏற்றுவதாக எடுக்காதே. நீ போய்ச் சில மாதத்தில் ஒருநாள் வீடியோவில் கதைக்கும்போது, "என்ன, முகம் போனுக்குள்ள கொள்ளுதில்லயே" என்று சொல்லியிருக்கிறாய். உன்னோடு அறையில் இருந்தவர்கள் சிரித்த சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கிறது. அவளும் சிரித்தாளாம். போனை வைத்த பிறகு அந்தச் சிரிப்பு நிற்கவில்லையாம், அவளுடைய தலைக்குள். மறுநாளிலிருந்து காலையில் சாப்பிடுவதை விட்டாள். பிறகு பகல் சோற்றையும். திங்களும் வியாழனும் கட்டாயமில்லாத சுன்னத்து நோன்பு பிடிக்கத் தொடங்கினாள். நான் அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன் தெரியுமா? "எங்கட மருமகள் வாரத்துக்கு ரெண்டு நோன்பு" என்று. அந்தப் பிள்ளை மெலிவதற்காகப் பட்டினி கிடந்தது. நான் அதை நன்மையான அமல் என்று நினைத்துத் தலையில் தூக்கி வைத்தேன். இனி அவள் எப்படி விடுவாள்? நாள் முழுக்க வயிற்றைக் காயப் போட்டுவிட்டு, பின்னேரம் உன் போன் கோலுக்குக் காத்திருந்து, நீ கதைத்தது கொஞ்சம் சுருங்கினாலும், அல்லது கதைத்து முடிந்தாலே போதும், அந்தச் சத்தம் தொடங்கிவிடும். காய்ந்த வயிறும் காய்ந்த மனமும் ஒன்றாக எழும்பினால் எந்தப் பூட்டு நிற்கும்? உம்மா வீட்டிலும் சொல்ல முடியாது. "புருஷன் வெளிநாட்டில இருக்கிற புள்ள, குறை சொல்லாம இருக்கணும்" என்று அவர்கள் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

டாக்டர் சொன்னதை ரிஸ்னா எனக்குத் தமிழில் விளக்கினாள், நான் உனக்கு என் பாஷையில் சொல்கிறேன். இது பேராசை இல்லை, வாய்க்கட்டு இல்லாத குணமும் இல்லை. மனதுக்கு வலித்தால் ஒருவர் சண்டை பிடிப்பார், ஒருவர் சிகரெட் பிடிப்பார், ஒருவர் சாப்பிடுவார். பட்டினி கிடந்து இதைத் திருத்த ஏலாது, பட்டினிதான் இதற்கு விறகு. நேரத்துக்கு நேரம் ஒழுங்காகச் சாப்பிட வேண்டும், காலைச் சாப்பாட்டை ஒருநாளும் விடக் கூடாது, எந்தச் சாப்பாட்டையும் ஹராமாக்கி வைக்கக் கூடாது, தனியாக நின்றுகொண்டு சாப்பிடக் கூடாது. அந்த உந்துதல் வரும்போது அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது என்று தன்னையே கேட்க வேண்டும். தவறிப்போனால் தன்னைத் தண்டிக்காமல் அடுத்த நேரச் சாப்பாட்டை வழமைபோலச் சாப்பிட வேண்டும். சுன்னத்து நோன்பைக் கொஞ்சக் காலம் விடச் சொன்னார். எனக்கு அது உறுத்தியது. பெண்களுக்கு ஓதிக் கொடுக்கிற ஆலிமாவிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். "சுகமில்லாத ஆள் சுன்னத்த விடலாம் லாத்தா. மெலியிறதுக்குப் பிடிக்கிறது நோன்பும் இல்ல" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

சொல்வது எளிது, செய்வது அப்படியில்லை. வீட்டுக்கு வந்ததும் அலுமாரித் திறப்பை அவள் கையில் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றாள். "என்னை நம்பாதீங்க மாமி, நானே என்னை நம்பல்ல." "உன்ன நம்பித் தரல்ல மகள், பூட்ட நம்பி ஏமாந்துட்டன், அதான்" என்றேன். சிரித்தாள். கன காலத்துக்குப் பிறகு இந்த வீட்டில் கேட்ட சிரிப்பு. காலையில் ஒரு துண்டுப் பாணும் பருப்பும் அவள் முன்னால் வைத்தால் விஷத்தைப் பார்ப்பதுபோலப் பார்ப்பாள். "காலையில சாப்பிட்டா இன்னும் பெருக்கும்" என்று அழுவாள். நான் வற்புறுத்தவில்லை, என் பாணைப் பிய்த்துச் சாப்பிட்டுக்கொண்டு ஊர்க் கதை கதைத்துக்கொண்டிருப்பேன். கதை கேட்கிற சுவாரசியத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டாள். பின்னேரம்தான் ஆபத்தான நேரம். அந்த நேரத்தில் தையல் மெஷினை ஹாலுக்கு இழுத்து வந்து போட்டேன். அந்தச் சத்தம் தலைக்குள் தொடங்கினால் வந்து என் பக்கத்தில் இரு, ஒன்றும் சொல்லத் தேவையில்லை என்றேன். முதலில் வரவில்லை. சில நாள் குசினிக்குள் போய்விட்டு வருவாள், எனக்குத் தெரியும், நான் கேட்க மாட்டேன். பிறகு ஒருநாள் வந்து பக்கத்தில் இருந்தாள். துணியின் ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த அலை போய் முடியும் வரைக்கும் நான் ஒரே தையலைத் தைத்துத் தைத்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். எழும்பும்போது "போயிட்டு மாமி" என்றாள், வீட்டுக்கு வந்த ஒரு கெட்ட விருந்தாளி போய்விட்டதைச் சொல்வதுபோல.

இனி உனக்குக் கோபம் வரக்கூடிய இடத்துக்கு வருகிறேன். ரிஸ்னா இப்போது முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். நாங்கள் இருக்கிற ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில்தான். அங்கிருந்த டீச்சர் பிள்ளை பெறப் போனதால் ஆள் தேடினார்கள். அவள் என்னிடம் கேட்கவில்லை. கேட்க மாட்டாள், உன் சொல்லை மீற மாட்டாள். நான்தான் போய்ப் பேசினேன், நான்தான் அவளுடைய அபாயாவை அயன் பண்ணிக் கொடுத்து அனுப்பினேன். "அவருக்கு என்ன சொல்ற மாமி?" என்று வாசலில் நின்றாள். "அவனப் பெத்தது நான். நான் சொல்லிக்கிறன், நீ போ" என்றேன். உனக்கு ஒளித்தது எனக்குச் சந்தோஷமில்லை. ஆனால் அவள் முதல் நாள் பள்ளி விட்டு வந்தபோது நீ பார்த்திருக்க வேண்டும். பசியோடு வந்தாள் மகன்! கையைக் கழுவிவிட்டு வந்து, "மாமி, சரியான பசி, சோத்துக்கு என்ன ஆணம்?" என்று கேட்டாள். உண்மையான பசி. அதைக் கேட்டு நான் குசினிக்குள் போய் முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சோறு போட்டேன். வாப்பா மன்னாரிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டார். தாடியைத் தடவினார். "புள்ளைகளோட கதைச்சுச் சிரிச்சு வந்தா நல்லம்தானே" என்றார். பிறகு, "அவனுக்கு நான் சொல்லட்டா?" என்றார். வேண்டாம், நீங்கள் கதைத்தால் கட்டளையாகிவிடும், நான் எழுதுகிறேன் என்றேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படியில்லை. இந்த றமழானில் அவள் நோன்பு பிடிக்க வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றாள். டாக்டரிடம் கேட்டோம், விடிய முன் ஸஹரை விடாமல் சாப்பிட்டு, நோன்பு திறந்ததும் நிதானமாகச் சாப்பிட்டால் பார்க்கலாம் என்றார். நன்றாகத்தான் போனது. பேரீச்சம்பழம் தின்று, கஞ்சி குடித்து, மக்ரிப் தொழுது, பிறகு இருந்து ஆறுதலாகச் சாப்பிட்டோம். பெருநாள் கிட்டும்போது நீ ஒருநாள் கடைக்குள் நின்று கோல் எடுத்தாய். அவளுக்கு அபாயா வாங்க. "என்ன சைஸ் எடுக்கிற? கூடாரம் விக்கிற கடைக்குத்தான் போகணும் போல" என்றாய். ஞாபகம் இருக்கிறதா? உனக்கு இருக்காது. அன்று நான் அயல் வீடுகளுக்குக் கொடுக்க அவித்து வைத்திருந்த ஒரு சட்டி வட்டிலாப்பம் முழுவதையும் அவள் சாப்பிட்டுவிட்டாள். நான் கேட்கவில்லை, அவளே வந்து சொன்னாள். "மாமி, திரும்ப நடந்துட்டு. சட்டி வெறுமையாக் கிடக்கு. இந்த முறை ஒளிக்க ஏலாமப் போச்சு." நான் கேட்ட ஒரே கேள்வி, "ஸஹருக்குச் சாப்பிடுவியா?" அழுதுகொண்டே "ஓம்" என்றாள். ஸஹருக்கு எழும்பி என்னோடு இருந்து சாப்பிட்டாள். பட்டினி கிடக்கவில்லை. தன்னைத் தண்டிக்கவில்லை. அந்த நாளைத்தான் நான் எங்கள் வெற்றி என்று சொல்வேன், தவறாத நாட்களை அல்ல. முன்பென்றால் அந்த ஒரு சட்டிக்குப் பிறகு பட்டினியும் களவுச் சாப்பாடுமாக ஒரு மாதத்துக்கு இழுத்திருக்கும்.

ஆகையால் மகன், நீ கட்டுநாயக்க ஏர்போட்டில் இறங்கி வெளியே வரும்போது மெலிந்த ரிஸ்னா ஒருத்தி நிற்பாள் என்று எதிர்பார்க்காதே. அவள் நீ வீடியோவில் பார்க்கிற அதே அளவுதான். கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம், நாங்கள் தராசில் ஏறிப் பார்ப்பதை விட்டுவிட்டோம். இரத்தத்தில் சீனி கூடுகிறதா என்று டாக்டர் பார்த்து வருகிறார், இதுவரைக்கும் பயமில்லை. அவள் சுகமாகி வருகிறாள் என்பதை உடம்பைப் பார்த்து நீ அறிய முடியாது. பிள்ளைகள் செய்த குறும்பை அவள் சொல்லும்போது கேட்டுக்கொண்டிரு, அப்போது தெரியும். அவளைப் பார்த்ததும் "கொழுத்திட்டாய்" என்றும் சொல்லாதே, "மெலிஞ்சிட்டாய்" என்றும் சொல்லாதே. புகழ்ச்சியாகக்கூட உடம்பைப் பற்றி ஒரு சொல் வேண்டாம். அவளுடைய சோற்றுக் கோப்பையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காதே. "இது காணும்" என்றோ "இன்னும் வைக்கட்டா" என்றோ காவல்காரன் மாதிரி நிற்காதே. பக்கத்தில் இருந்து உன் சோற்றை நீ சாப்பிடு. ஒருநாள் அவள் தவறினால், நீ அதைக் கண்டால், என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பாய். ஒன்றும் செய்யத் தேவையில்லை. நிலத்தில் இருந்தால் நீயும் நிலத்தில் இரு. என்ன நடந்தது என்று கேள், சொல்லாவிட்டால் விடு. பிறகு இரண்டு பேருக்கும் தேத்தண்ணீர் ஊற்று. ஆம்பிளை குசினிக்குள் போனால் வானம் இடிந்து விழாது.

முன்பள்ளிக் கதையை அவளிடம் நீயே எடு. "உம்மா சொன்னா, நல்லம்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவள் அந்தச் சொல்லுக்காக இத்தனை மாதம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். மனதுக்குப் பிடிக்காவிட்டால், அவளிடம் சொல்லாமல் என்னிடம் வா, நானும் நீயும் சண்டை பிடிப்போம். எனக்குச் சண்டைக்குப் பயமில்லை.

இவ்வளவையும் எழுதி முடித்து, ரிஸ்னாவிடம் கொடுத்தேன். அவள் வாசிக்காமல் உனக்குப் போகக் கூடாது என்று எனக்குள் ஒரு கணக்கு. கதிரையில் இருந்து மெதுவாக வாசித்தாள். வட்டிலாப்பக் கதை வந்த இடத்தில் முகம் சிவந்தது, வெட்டச் சொல்லுவாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"ஏதும் மாத்தணுமா மகள்?" என்று கேட்டேன்.

"மாத்த ஒண்டுமில்ல. ஒண்டு கூட்டணும் மாமி. வேலை முடிஞ்சு வந்து அவர் ஆரோட இருந்து சாப்பிடுறார் என்டு கேளுங்க. நான் இத்தன நாளா அதக் கேக்கவே இல்ல."

பெற்ற நானும் கேட்கவில்லையே. சாப்பிட்டியா என்று தினமும் கேட்கிறேன், நீயும் "ஓம் உம்மா" என்கிறாய். அதற்கு மேல் கேட்க எனக்குத் தோன்றவில்லை. அதனால் இப்போது கேட்கிறோம், உன் உம்மாவும் உன் மனைவியும். யாரோட சாப்பிடுறாய் மகன்? பதிலைப் போனில் சொல், எங்கள் இரண்டு பேரிடமும் சொல்.

உம்மா.